உடம்புக்குத்தான் ஓட்டறேன்

முதல் குண்டு கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது குண்டு வேன் ஓட்டுநரின் கழுத்தில் இறங்கியது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்லுக்குப் பதில் ரத்தம் வந்தது. கால் மட்டும் ஆக்சிலேட்டரை விடவில்லை. வேன், ஸ்டாண்டில் வரிசையாக நின்றவர்களை நோக்கி ஓடியது. பக்கத்து இருக்கையில் இருந்தவள் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் தன் பக்கம் இழுத்தாள். ஆட்டுத்தலை வாட்டும் பெண்களின் தகரக் கொட்டகையில் மோதி வேன் நின்றது. தணல் சிதறிச் சாலையெல்லாம் உருண்டது. பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கவிழ்ந்து கிடந்தார்கள்.

சுட்டவன் ஓடவில்லை. நடந்து வந்தான். முகத்தை மூடியிருந்த கம்பளித் தொப்பி நெற்றிக்கு ஏறியிருந்தது. இடது புருவம் நடுவில் பிளந்து தைக்கப்பட்டிருந்தது. உடைந்த ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு ஓட்டுநரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஓட்டுநரின் தலை அவள் மடியில் கிடந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்றான். "முகத்தக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்குங்க."

அவள் திருப்பிக்கொண்டாள். அவன் இன்னும் இரண்டு முறை சுட்டான்.

அவள் பெயர் கொலெக்கா. கோழி உறைய வைக்கும் ஃபாக்டரியில் இறக்கை வெட்டும் வரிசையில் வேலை. புருஷன் இறந்துவிட்டான். இரண்டு பிள்ளைகள் கிழக்கே, ஊரில், அவள் அக்காவிடம் வளர்ந்தார்கள். மாதம் பிறந்தால் அவள் அனுப்புவதில்தான் அங்கே அடுப்பு எரியும். கேப் டவுன் சமவெளியில் எங்கள் தகரத் தெருக்களுக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. தெருவில் எல்லோரும் அவளைப் பிறந்த குலத்தின் பெயரால் மாபெலே என்றுதான் கூப்பிடுவார்கள்.

போலீஸ் வந்து கேட்டது. வேனில் இருந்தவர்கள் எல்லோரும் குனிந்திருந்தார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. முன் இருக்கையில் யார் என்று கேட்டதற்கு, காலியாக இருந்தது என்றார்கள். அது அவர்கள் அவளுக்குச் செய்த உதவி. கொலெக்கா அன்று மாலை தன் பாவாடையையும் கோட்டையும் தெருமுனை இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்தாள்.

அந்தச் சாலையில் வேன் ஓட்ட இரண்டு சங்கங்கள் உரிமை கொண்டாடின. ஒரு சங்கத்தின் ஆட்கள் பச்சை ஜாக்கெட் போட்டுக்கொண்டு வரிசையை ஒழுங்கு பார்ப்பார்கள். மற்றதன் ஆட்களுக்கு ஆரஞ்சு. செத்த ஓட்டுநர் பச்சைக்காரன். அந்த வாரத்திலேயே ஸ்டாண்டு ஆரஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. பச்சைக்காரர்கள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்க் கடை விரித்தார்கள். இந்தப் பக்கம் பச்சை ஜாக்கெட்டோடு வந்தவனும் அந்தப் பக்கம் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு போனவனும் நடந்து திரும்பியதில்லை.

அடக்கம் முடிந்த திங்கட்கிழமை கொலெக்கா மறுபடி வரிசையில் நின்றாள். முன்னால் விசில் சத்தம். ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒருவன் ஒரு கிழவியின் மாவு மூட்டையைத் தூக்கி வேனில் வைத்துக்கொண்டிருந்தான். "பெரியவங்களுக்கு வழி விடுங்கடா, உங்க அம்மா இல்லையா?" என்று பையன்களை அதட்டினான். திரும்பினான். புருவம் பிளந்திருந்தது. பக்கத்தில் இருந்தவன் அவனை டுமிசா என்று கூப்பிட்டான்.

கொலெக்கா வரிசையை விட்டு விலகினாள். எதையோ மறந்துவிட்டவள் போலப் பையைத் துழாவிக்கொண்டே நடந்தாள். ஃபாக்டரி வரைக்கும் நடந்தாள். தாமதமாக வந்ததற்கு எச்சரித்தார்கள். இன்னொரு தடவை தாமதமானால் வர வேண்டாம் என்றார்கள்.

ரயில் இல்லை. செம்புக் கம்பியை அறுத்து விற்ற பிறகு தண்டவாளத்தின் மேலேயே வீடுகள் முளைத்துவிட்டன. தண்டவாளம் தாண்டிப் பச்சை வேனில் ஏறினால், இந்தப் பக்கத்துக்காரி அங்கே என்ன செய்கிறாள் என்று கேள்வி வரும். எந்த வேனில் ஏறினாலும் யாரோ ஒருவன் அவள் முகத்தைப் பார்ப்பான். சைக்கிளில் போனால் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாணல் பள்ளத்தின் வழி போகலாம். அங்கே விசில் கிடையாது.

தபால் இலாகா கழித்த சிவப்பு சைக்கிள் ஒன்றை வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டப் பழகினாள். விழுந்தாள். முழங்கை தோலுரிந்தது. எழுந்து ஓட்டினாள்.

எதிர் வீட்டு நொமாவெத்து வாசலில் நின்று பார்த்தாள்.

"மாபெலே! எனக்குத் தபால் ஏதாச்சும் வந்திருக்கா?"

"வந்திருக்கு. உன் வாயை மூடச் சொல்லி."

"கால்சட்டையும் நீயும். குதிரைல கழுதை ஏறுன மாதிரி. இந்த வயசுல எதுக்குடி இது?"

"சர்க்கரை. டாக்டர் ஓட்டச் சொல்லிட்டாரு."

"எனக்கும்தான் சர்க்கரை. என்னை வீட்ல உக்காரச் சொன்னாரு அதே டாக்டரு."

"உனக்கு ஓட்டினாலும் தேறாதுன்னு தெரிஞ்சிருக்கும்."

நொமாவெத்து சிரித்தாள். தெரு நம்பியது. ஃபாக்டரியும் நம்பியது. உடம்புக்குத்தான் ஓட்டறேன் என்று கொலெக்கா எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னாள்.

நாணல் பள்ளத்துக்கும் ஃபாக்டரிக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு பாலம். அங்கே தனியாக வருகிறவனைக் கத்தியால் குத்திவிட்டு சைக்கிளைக் கொண்டுபோவார்கள். அதனால் ஃபாக்டரி ஆட்கள் விடியுமுன் பெட்ரோல் பங்கில் கூடி, கூட்டமாகப் போனார்கள். முன்னால் மலுசி போவான். கழிவு வண்டி தள்ளுகிறவன், ஐம்பதைத் தாண்டியவன். அவன் வைத்த சட்டம் ஒன்றுதான். யார் விழுந்தாலும் நிற்கக்கூடாது.

"நான் விழுந்தா?" என்று முதல் நாள் கொலெக்கா கேட்டாள்.

"உங்க செருப்பு மேல ஏத்தாமப் போவோம். அது மரியாதை."

"நீ விழுந்தா?"

"என் சட்டம்தானே, எனக்கும்தான். மதியச் சாப்பாட்ட மட்டும் யாராச்சும் எடுத்துக்குங்க, வீணாப் போவக்கூடாது."

சட்டம் விளையாட்டில்லை. மாரிக்காலத் தொடக்கத்தில் பாலத்தில் ஒருவனைத் திருடர்கள் சங்கிலியால் அடித்து இறக்கினார்கள். அவன் அலறியது அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும் கேட்டது. யாரும் திரும்பவில்லை. அன்று இறக்கை வரிசையில் கொலெக்காவின் கத்தி இரண்டு முறை கையுறைக்குள் இறங்கியது.

மேலாளர் அறையில் லாட்டெகன் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் புதிதாக வந்திருந்தாள். நல்லவள். சைக்கிளில் வருகிறவர்களை ஒருநாள் கூட்டி நிறுத்தி, ஏன் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். ஃபாக்டரியின் பத்திரிகையில் போடவாம். மலுசியின் தம்பி பச்சைச் சங்கத்தில் ஓட்டுநர், அதனால் மலுசி ஆரஞ்சு வேனில் ஏற முடியாது; பச்சை வேனில் ஏறினால் வீடு திரும்ப முடியாது. இன்னொருவனின் மனைவியை ஆரஞ்சு வேனிலிருந்து கூட்டிப்போனவர்கள் மறுநாள்தான் திருப்பி அனுப்பினார்கள்.

"உடம்புக்கு," என்றான் மலுசி.

"உடம்புக்கு," என்றான் அந்த இன்னொருவன்.

"உடம்புக்குத்தான்," என்றாள் கொலெக்கா.

லாட்டெகன் மகிழ்ந்து போனாள். வெளியே வந்ததும் மலுசி காறித் துப்பினான். "பொய்யா சொன்னோம்? உயிரு இருந்தாத்தானே உடம்பு."

அடுத்த வாரம் அவள் எல்லோருக்கும் ஜாக்கெட் கொடுத்தாள். இருட்டில் லாரிக்காரன் கண்ணில் படவேண்டுமாம். விளக்கு பட்டால் பளிச்சிடும் ஜாக்கெட். முதுகில் ஃபாக்டரியின் கோழிப் படம். பச்சை. போடாதவனின் சைக்கிளைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். அடக்க முடியவில்லை.

"அவகிட்ட யாராச்சும் சொல்லுங்கப்பா."

"என்னன்னு? மேடம், வேற கலரு குடுங்க, இதப் போட்டா எங்களக் கொன்னுடுவாங்கன்னா? பத்திரிகைல அதையும் போடுவா."

"ஆரஞ்சு கேக்கலாம்ல?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் பச்சைக்காரன் சும்மா விடுவானா?"

பாலம் தாண்டியதும் போட்டுக்கொள்வது, திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் கழற்றிப் பையில் வைப்பது என்று முடிவானது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

பக்காமிலே இங்கே பிறந்தவன் இல்லை. லூசிகிசிகியின் மலைக்காட்டிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முப்பது வயது, பெரிய கைகள், எல்லாவற்றுக்கும் சிரிப்பு. இறகு பிடுங்கும் தொட்டியில் வேலை. அவன் சைக்கிளுக்கு ஒரு காரணமும் இல்லை. ஓட்டப் பிடிக்கும், அவ்வளவுதான். அவன் காசுக்கு வாங்காமல் கிடைத்த முதல் புதுத் துணி அந்த ஜாக்கெட். தூங்கும்போதுகூடப் போட்டுக்கொள்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனிடம் மலுசி சொல்லியிருப்பான் என்று கொலெக்கா நினைத்தாள். கொலெக்கா சொல்லியிருப்பாள் என்று மலுசி நினைத்தான். அந்த நாட்களில் மழை விடாமல் பெய்தது. பக்காமிலே ஜாக்கெட்டுக்கு மேல் ஒரு பழைய மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வந்தான். கோட்டுக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

நாணல் பள்ளம் தண்ணீரில் மூழ்கியது. வழி இல்லை. காலையில் இருட்டோடு, ஆரஞ்சுக்காரர்கள் வருமுன் ஸ்டாண்டு இருக்கும் பெரிய சாலை வழியே போய்விட்டார்கள். மாலையில் என்ன செய்வது என்று கொலெக்கா பகல் முழுவதும் இறக்கை வெட்டிக்கொண்டே யோசித்தாள். வேறு வழி கிடைக்கவில்லை. கம்பளித் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தலையக் குனிஞ்சுக்கிட்டு, நடுவுல நடுவுல நிக்காம, ஒரே மிதி," என்றான் மலுசி. "ஸ்டாண்டு தாண்டித்தான் மூச்சு."

பாலத்தில் மழை நின்றது. கொலெக்கா கடைசியாக வந்தாள். அவளுக்கு முன்னால் பக்காமிலே. சரிவில் இறங்கும்போது அவனுக்கு வேர்த்தது போலும். ஒரு கையால் மழைக்கோட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் போட்டான்.

பின்னால் வந்த வேனின் விளக்கில் அவன் முதுகு பற்றி எரிவது போலப் பச்சையாக மின்னியது.

"கழட்டு!" கொலெக்கா கத்தினாள். "டேய், அதைக் கழட்டு!"

அவன் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தான். "என்னம்மா? என்ன விழுந்துச்சு?"

விசில் ஊதியது.

யாரோ ஒரு கம்பைச் சக்கரத்துக்குள் விட்டார்கள். பக்காமிலே ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய்த் தாரில் முகம் பட விழுந்தான். கொலெக்கா அவன் சைக்கிளில் மோதி விழுந்தாள். முன்னால் மலுசியும் மற்றவர்களும் சென்றார்கள். நிற்கவில்லை.

ஆரஞ்சுக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவன் கையில் எருமைத் தோல் சாட்டை. முதல் அடி காதை அறுத்தது. பக்காமிலே எழ முயன்றான். பூட்ஸ் கால் வாயில் இறங்கியது. அவன் பற்களைத் துப்பினான். சேற்றில் புரட்டிப் புரட்டி மிதித்தார்கள்.

"வேவு பாக்க வந்தியா? இந்தப் பக்கமே வந்து, அதுவும் சட்டையோட?"

"ஃபாக்டரியில... குடுத்தாங்கண்ணே..."

"கேட்டியாடா, ஃபாக்டரில குடுத்தாங்களாம். எந்த ஃபாக்டரிடா பச்சைக்காரனுக்குச் சட்டை தைக்குது?"

டுமிசா ஒரு கோப்பையில் சூப் குடித்துக்கொண்டே வந்தான். கோப்பையை ஒரு வேனின் மூக்கில் கவனமாக வைத்தான். இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து, பக்காமிலேயின் காதுக்குள் முனையை வைத்து அழுத்தினான். அறுந்த காது. பக்காமிலே ஆடு போலக் கத்தினான்.

கொலெக்கா எழுந்து நின்றிருந்தாள். அவளை யாரும் பிடித்திருக்கவில்லை. யாரும் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் சைக்கிள் உடையவில்லை. தெரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. பெடலில் காலை வைத்தாள். பிறகு எடுத்தாள்.

"அவன் சொல்றது நெசம் தம்பி."

எல்லோரும் திரும்பினார்கள். அவள் குனிந்து, பக்காமிலேயின் முதுகிலிருந்த சேற்றைக் கையால் வழித்தாள். கோழி தெரிந்தது. பிறகு தன் பையிலிருந்து தன் ஜாக்கெட்டை எடுத்து விரித்துக் காட்டினாள்.

"அந்தப் பொம்பள லாரிக்குப் பயந்து குடுத்தா. எங்க எல்லாருக்கும் இதேதான். நாங்க பைக்குள்ள வெச்சுக்குறோம். இவன் ஊருக்குப் புதுசு, இவன்கிட்ட யாரும் சொல்லல."

சாட்டைக்காரன் கிட்டே வந்து பார்த்தான். சிரித்துவிட்டான். "கோழிதாண்டா!"

டுமிசா சிரிக்கவில்லை. விழுந்தபோது அவள் தொப்பி கழன்றிருந்தது. அது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அம்மாவ எங்கயோ பாத்திருக்கேன்."

"சர்ச்சுல பாத்திருப்ப."

"நான் சர்ச்சுக்குப் போறதில்லம்மா." மெதுவாகப் பேசினான். "ஆட்டுத்தலைக்காரிங்க கொட்டகை. தணலெல்லாம் ரோட்டுல ஓடிச்சு."

கொலெக்கா சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். அவள் இத்தனை மாதம் சுற்றிச் சுற்றிப் போனது இந்தக் கேள்வியிடம் வராமல் இருக்கத்தான்.

"நீ திருப்பிக்கச் சொன்ன. திருப்பிக்கிட்டேன்."

"ஆமா. திருப்பிக்கிட்டீங்க."

"இன்னிக்கு வரைக்கும் திருப்பிக்கிட்டுத்தான் இருக்கேன். போலீஸ்கிட்ட இல்ல, எதிர் வீட்டுக்காரிகிட்டகூட ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"அதுக்குத்தான் சைக்கிளா?"

"அதுக்குத்தான்."

அந்தக் கேள்விக்கு அவள் உண்மையான பதில் சொன்னது அவன் ஒருவனிடம் மட்டும்.

அவன் தலையை ஆட்டினான். துப்பாக்கியைக் காதிலிருந்து எடுத்தான். கொலெக்கா மூச்சு விட்டாள்.

"ஆனா இப்ப இவனும் கேட்டுட்டானேம்மா," என்றான்.

வரிசையில் நின்ற ஜனங்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஊருடா நீ?"

"லூசி... லூசிகிசிகி."

"நல்ல ஊரு. திரும்பிப் போயிடு. காலு ஆறுற வரைக்கும் உங்க அம்மா பாத்துக்குவாங்க." கொலெக்காவைப் பார்த்தான். "இந்தத் தடவ திருப்பாதீங்கம்மா. பாருங்க."

அவள் பார்த்தாள். அவன் பக்காமிலேயின் வலது முழங்காலில் துப்பாக்கியை ஒட்டி வைத்துச் சுட்டான். முட்டியின் சில்லு உடைந்து கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பக்காமிலேயிடமிருந்து சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பிறகு இடது முழங்கால். அப்போது கத்தினான்.

"வாயத் தொறந்தா என்ன ஆகும்னு இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்," என்றான் டுமிசா. "நாளைலேர்ந்து எங்க வண்டியிலயே வாங்கம்மா. சைக்கிள்ல போற ஆளு எங்க போறாங்க, யாருகிட்ட நின்னு பேசறாங்க, ஒண்ணும் புரிய மாட்டேங்குது. வண்டின்னா பத்திரம்."

"எனக்குச் சர்க்கரை. டாக்டரு..."

"வரிசையில நிக்கறதும் நல்லதுதாம்மா."

அவன் ஓட்டுநரிடம் கையைக் காட்டினான். வேன் பின்னால் வந்து சிவப்பு சைக்கிள் மேல் ஏறியது. முன்னால் போய் மறுபடி பின்னால் வந்தது. கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. பக்காமிலேயை இன்னொரு வேனில் தூக்கிப் போட்டு, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடச் சொன்னான். சூப் ஆறியிருந்தது. அதைக் கீழே கொட்டினான்.

கொலெக்கா நடந்து வீட்டுக்குப் போனாள். நொமாவெத்து வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"சைக்கிள் எங்கடி?"

"டயரு வெடிச்சிடுச்சு."

"நானும் டயருன்னுதான் நெனச்சேன், சத்தம் கேட்டப்ப," என்றாள் நொமாவெத்து. கொலெக்காவின் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். பிழிந்த துணியை அவளிடம் கொடுத்தாள்.

மறுநாள் மழை இல்லை. கொலெக்கா இருட்டோடு எழுந்து, முந்தின நாள் ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டாள். ஸ்டாண்டில் வரிசை கடைசியில் நின்றாள். டுமிசா காலை வணக்கம் சொன்னான். நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டான். அவள் ஆமாம் என்றாள். மூன்றாவது வேனில் பின் வரிசையில் இடம் கிடைத்தது. ஃபாக்டரிக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். கேட்டில் சைக்கிள்காரர்கள் பச்சை ஜாக்கெட்டோடு உள்ளே வந்தார்கள். மலுசி அவளுக்கு வணக்கம் சொன்னான், நிற்கவில்லை. இறகு பிடுங்கும் தொட்டியில் பக்காமிலேயின் இடத்துக்கு வேறொருவனை அனுப்பியிருந்தார்கள். பகல் உணவின்போது லாட்டெகன் வந்து, ஏன் சைக்கிளை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டாள். முழங்கால் வலி என்று கொலெக்கா சொன்னாள். லாட்டெகன் வருத்தப்பட்டாள். பிற்பகலில் குளிர்சாதனம் கொஞ்ச நேரம் நின்று மறுபடி ஓடியது. ஷிஃப்ட் முடிந்ததும் கொலெக்கா கையுறையைக் கழுவிக் கொக்கியில் மாட்டினாள். வெளியே ஆரஞ்சு வேன் நின்றுகொண்டிருந்தது. ஏறினாள்.